ஒரு அணு, ஒரு பெட்டி, எண்ணக்கூடிய ஒளி

உப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, கேஸ் அடுப்பின் நீலச் சுடர்மேல் ஒரு சொட்டு தெளித்தால் மஞ்சளாக ஒரு பளிச்சிடல் வந்து மறையும். உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழியும்போதும் இதே மஞ்சளைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் அணுவின் வேலை அது. சுடரின் சூட்டில் அதன் வெளி எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. அங்கே சராசரியாக 16 நானோ வினாடி இருந்துவிட்டுக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு ஃபோட்டானை வெளியே விடுகிறது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்க வருவார்கள். அவர்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: "சார், மேல போன எலக்ட்ரானை யார் கீழ தள்ளுறாங்க?"

சரியான கேள்வி. குவாண்டம் இயக்கவியலின் விதிப்படி, தனியாக விடப்பட்ட அணு மேல் நிலையில் இருந்தால் என்றென்றும் அங்கேயேதான் இருக்க வேண்டும். அது ஒரு நிலையான நிலை. வெளியிலிருந்து ஏதாவது தொட்டால்தான் மாறும். இருட்டில் தனியாக இருக்கும் அணுவைத் தொடுவது எது? 1917-இல் ஐன்ஸ்டைன் இந்த இறக்கத்துக்குத் 'தன்னிச்சை உமிழ்வு' என்று கணக்கில் ஓர் இடம் கொடுத்தார். அது எப்படி நடக்கிறது என்பதற்கு 1927-இல் டிராக் விடை சொன்னார். அணுவை மட்டும் குவாண்டம் விதிக்குள் கொண்டுவந்தால் போதாது, ஒளியையும் கொண்டுவர வேண்டும் என்பதே அந்த விடை. அந்த விடையை மிகச் சிறிய அளவில், ஒரே பக்கத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரி உண்டு. ஜேன்ஸ்-கம்மிங்ஸ் மாதிரி என்பது அதன் பெயர். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அணுவைச் சுருக்குவோம். சோடியத்துக்கு எத்தனையோ ஆற்றல் நிலைகள் இருக்கின்றன. அந்த மஞ்சள்கூட உண்மையில் 589.0, 589.6 என்று ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள். ஆனால் நாம் பயன்படுத்தும் ஒளியின் அதிர்வெண் ஒரே ஒரு தாவலுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தினால், மற்ற நிலைகள் சும்மா நிற்கும். அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மிஞ்சுவது இரண்டே நிலை, கீழ், மேல். இதைத்தான் இருநிலை அமைப்பு என்கிறார்கள். அணுவே வேண்டும் என்பதில்லை. காந்தப்புலத்தில் இருக்கும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் இருநிலைதான், குவாண்டம் கணினியின் தகவல் அலகான கியூபிட்டும் இருநிலைதான். 1937-இல் இசிடோர் ராபி காந்தப்புலத்தைச் சுழலவிட்டு இப்படிப்பட்ட இருநிலையை ஆராய்ந்தார். புலத்தின் தாளம் பொருந்தினால் அமைப்பு மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். புலம் எவ்வளவு வலுவோ அவ்வளவு வேகம். ராபி அலைவு என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் ராபியின் கணக்கில் புலம் பழைய பாணி அலை. அது எவ்வளவு கொடுத்தாலும் குறையாது, எவ்வளவு வாங்கினாலும் கூடாது. அணு மட்டும் குவாண்டம், ஒளி பழைய இயற்பியல். இந்தப் பாதிக்குப் பாதி முறையில் புலமே இல்லையென்றால் மேல்நிலை அணு நகரவே நகராது. நம் கேள்விக்கு அங்கே விடை இல்லை.

அடுத்தது ஒளி. திறந்த வெளியில் ஒளிக்கு எண்ணற்ற திசைகள், எண்ணற்ற அதிர்வெண்கள். அதைக் கட்டுப்படுத்த அணுவை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கிறோம். இப்போது அந்த இடைவெளிக்குள் அடங்கும் அலைநீளங்கள் மட்டுமே தங்க முடியும். அவற்றிலும் ஒன்றை மட்டும் அணுவின் தாவலோடு பொருத்திவிட்டால் ஒளிக்கும் ஒரே ஒரு வகை அலைதான் மிஞ்சுகிறது. அந்த அலையில் எத்தனை ஃபோட்டான் என்பது மட்டுமே கேள்வி. 0, 1, 2, 3 என்று முழு எண்ணாகத்தான் விடை வரும். ஒன்றரை என்பது கிடையாது.

ஆக ஓர் அணு, ஒரு பெட்டி. இவற்றுக்குள் நான்கு விதமான நிகழ்வுகளைச் சமன்பாடு அனுமதிக்கிறது. அணு ஒரு ஃபோட்டானை விழுங்கி மேலே போகலாம். ஒரு ஃபோட்டானைக் கொடுத்துவிட்டுக் கீழே வரலாம். இந்த இரண்டும் இயல்பானவை. மற்ற இரண்டும் விநோதமானவை: அணு மேலே போய்க்கொண்டே ஃபோட்டானையும் கொடுப்பது, கீழே வந்துகொண்டே ஃபோட்டானையும் விழுங்குவது. இவற்றில் ஆற்றல் கணக்கு நேராகாது. அணுவுக்கும் பெட்டிக்கும் உள்ள பிணைப்பு, ஒளியின் அதிர்வெண்ணோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருந்தால், சமன்பாட்டில் உள்ள இந்த விநோத உறுப்புகள் மிக வேகமாகக் கூடியும் குறைந்தும் சராசரியில் காணாமல் போய்விடும். அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் 1963-இல் எட்வின் ஜேன்ஸும் அவருடைய மாணவர் பிரெட் கம்மிங்ஸும் எழுதிய மாதிரி. ஒளியைக் குவாண்டமாக எடுப்பது உண்மையிலேயே தேவைதானா, பாதிக்குப் பாதி முறை போதாதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவே அவர்கள் அந்தக் கட்டுரையை எழுதினார்கள்.

நீக்கியதால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. அணு மேலே இருந்தால் அதை ஒன்று என்று வைத்து, பெட்டியில் உள்ள ஃபோட்டான்களோடு கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை ஒருபோதும் மாறாது. 'அணு மேலே, பெட்டியில் 3' என்பது 'அணு கீழே, பெட்டியில் 4' என்பதாக மட்டுமே மாற முடியும். அதிலிருந்து திரும்பி வர மட்டுமே முடியும். எல்லையற்ற நிலைகள் உள்ள பிரச்சினை இப்படி இரண்டு இரண்டு நிலைகளாக உடைந்துவிடுகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த 2×2 அணி போதும். குவாண்டம் ஒளியியலில் தோராயம் எதுவும் கூடுதலாகச் சேர்க்காமல் கடைசிவரை கையால் போடக்கூடிய கணக்குகள் அபூர்வம். இது அப்படிப்பட்ட ஒன்று.

அந்த ஜோடிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க, தென்னந்தோப்பில் ஒரு சோதனை செய்யலாம். எங்கள் பக்கம் குரும்பைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு கயிற்றைச் சற்றுத் தொய்வாகக் கட்டி, அதிலிருந்து ஒரே எடையுள்ள இரண்டு குரும்பைகளை ஒரே நீள நூலில் தொங்கவிடுங்கள். ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்து நின்றுவிடும், மற்றது முழு வீச்சில் ஆடும். அப்புறம் இரண்டாவது நிற்கும், முதலாவது ஆடும். யாரும் தொடாமலே ஆட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு நூலின் நீளத்தை மட்டும் சற்று மாற்றிப் பாருங்கள்: கைமாறுவது அரைகுறையாகிவிடும். ஒரு குரும்பையை அணு என்றும் மற்றதைப் பெட்டிக்குள் இருக்கும் ஒளி என்றும் நினைத்துக்கொண்டால், ஆற்றல் எப்படிப் போய்வருகிறது என்பது புரிந்துவிடும்.

ஆனால் முக்கியமான விஷயம், இந்தச் சோதனை எங்கே தோற்கிறது என்பதில்தான் இருக்கிறது. குரும்பையை மெதுவாக ஆட்டினாலும் கொஞ்சம் பலமாக ஆட்டினாலும் ஆட்டம் கைமாற ஆகும் நேரம் ஒன்றேதான். அணுவுக்கு அப்படி இல்லை. அணுவால் ஒரு ஃபோட்டானுக்கு மேல் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு இரண்டே நிலைதானே! பெட்டியில் ஃபோட்டான் கூடக் கூட, அந்த ஒற்றை ஃபோட்டான் கைமாறும் வேகமும் கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது? ஒளியின் ஆற்றல் ஃபோட்டான் எண்ணிக்கையைப் பொறுத்தது. மின்புலமோ ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அணுவைப் பிடித்து ஆட்டுவது மின்புலம். ஆகவே வேகம், எண்ணிக்கையின் வர்க்கமூலமாக ஏறும். சமன்பாட்டைப் போட்டால் வருவது இன்னும் துல்லியமானது. மேல்நிலை அணுவோடு தொடங்கினால், பெட்டியில் உள்ள எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பெட்டியில் ஒன்றுமே இல்லாவிட்டால் √1. ஒன்று இருந்தால் √2. இரண்டு இருந்தால் √3.

அந்தக் கூட்டப்பட்ட ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி காலியாக இருந்தாலும் வேகம் பூஜ்யம் ஆவதில்லை. மேலே இருக்கும் அணு, தான் கொடுக்கப்போகும் ஃபோட்டானின் கணக்கிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. "ஒன்னுமே இல்லாத பெட்டியில எது சார் தள்ளுது?" என்று அடுத்த கேள்வி வரும். காலிப் பெட்டியில் மின்புலத்தின் சராசரி பூஜ்யம்தான். ஆனால் அதன் வர்க்கத்தின் சராசரி பூஜ்யம் அல்ல. குவாண்டம் விதிப்படி புலம் முற்றிலும் அசையாமல் நிற்க முடியாது. ஃபோட்டான் ஒன்றுகூட இல்லாதபோதும் ஒரு ஃபோட்டானின் ஆற்றலில் பாதியோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்கும் அணுவுக்கும் உள்ள பிணைப்புத்தான் இறக்கத்தைத் தொடங்கி வைக்கிறது.

அப்படியானால் அடுப்புச் சுடரில் சோடியம் ஏன் ஒரே ஒரு தடவை இறங்கி நின்றுவிடுகிறது? அதைச் சுற்றி எண்ணற்ற அலைகள் இருக்கின்றன. விட்ட ஃபோட்டான் ஏதோ ஒரு திசையில் போய்விடும், திரும்பாது. பெட்டிக்குள் இருந்தால் ஃபோட்டான் போக இடமில்லை. அணு அதையே திரும்ப விழுங்குகிறது, மறுபடி விடுகிறது. தன்னிச்சை உமிழ்வு என்பது ஒருவழிப் பாதை என்று நாம் நினைத்திருந்தது, நல்ல கண்ணாடிகளுக்கு நடுவே போய்வரும் பாதையாகிவிடுகிறது.

காகிதத்தில் சரி, செய்து பார்க்க முடியுமா? பாரிஸில் செர்ஜ் ஹரோஷின் குழு 1996-இல் செய்து காட்டியது. அவர்கள் எடுத்தது ரூபிடியம் அணு. அதன் வெளி எலக்ட்ரானை 50, 51 என்ற மிக உயர்ந்த வட்டப் பாதைகளுக்கு ஏற்றினார்கள். அந்த இரண்டுதான் கீழ்நிலையும் மேல்நிலையும். அவ்வளவு உயரத்தில் அணு, சாதாரண ஹைட்ரஜனைவிட ஏறக்குறைய 2500 மடங்கு பெரியது. எலக்ட்ரான் உட்கருவிலிருந்து தள்ளி இருப்பதால் மின்புலம் அதைச் சுலபமாக அசைக்கிறது. இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ள தாவல் 51.1 கிகாஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, சுமார் 6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மைக்ரோவேவ். பெட்டி என்பது நியோபியத்தால் ஆன இரண்டு குழி கண்ணாடிகள். அறை வெப்பத்தில் எல்லாப் பொருளும் மைக்ரோவேவ் ஃபோட்டான்களைத் தானாகவே கக்கிக்கொண்டிருக்கும்; ஆகவே மொத்த அமைப்பையும் தனிப்பூஜ்யத்துக்கு மேலே ஒரு கெல்வினுக்கு அருகே குளிர வைத்தார்கள். அந்தக் குளிரில் நியோபியம், மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக இருப்பதால் ஃபோட்டான் நீண்ட நேரம் தங்கும். 2007-இல் இதே குழு செய்த மேம்பட்ட கண்ணாடிகளில் ஒரு ஃபோட்டான் 130 மில்லி வினாடி வாழ்ந்தது. 2.7 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் அது நூறு கோடி தடவைக்கு மேல் மோதித் திரும்பியிருக்கிறது. நேர்கோட்டில் ஓடியிருந்தால் பூமியை ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும்.

காலிப் பெட்டியில், அணுவுக்கும் பெட்டிக்கும் இடையே ஃபோட்டான் கைமாறும் போக்குவரத்தின் அதிர்வெண் ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 20 மைக்ரோ வினாடி. இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள். பெட்டியில் ஒரு ஃபோட்டான் இருந்தால் 20-ஐ √2 ஆல் வகுக்க 14.1. இரண்டு இருந்தால் 11.5. மூன்று இருந்தால் சரியாக 10. நடுவே எதுவும் கிடையாது. ஹரோஷ் குழு சராசரியாக ஒன்றிரண்டு ஃபோட்டான்கள் மட்டும் உள்ள புலத்தைப் பெட்டிக்குள் விட்டு, அணுவின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து, அதற்குள் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தது. 1, √2, √3, 2 என்ற விகிதத்தில் தனித்தனி முகடுகள் நின்றன. ஒளி முழு எண்ணாகத்தான் வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியை நான் பார்த்ததில்லை. ஒளிமின் விளைவைத்தான் எல்லோரும் சாட்சியாகச் சொல்வார்கள். ஆனால் அணுவை மட்டும் குவாண்டமாக எடுத்துக்கொண்டு, ஒளியை அலையாகவே விட்டுவிட்டும் அதன் முக்கிய இயல்புகளை விளக்கிவிட முடியும். இந்த வர்க்கமூல முகடுகளை அப்படி விளக்க முடியாது. ஹரோஷுக்கு 2012-இல் நோபல் பரிசு, டேவிட் வைன்லாண்டுடன் சேர்த்து.

இங்கே நம் பக்கத்து மனிதர்கள் இருவரைச் சொல்லியாக வேண்டும். இ.சி.ஜி. சுதர்சன் கோட்டயத்துக்காரர், சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். ஜேன்ஸ்-கம்மிங்ஸ் கட்டுரை வந்த அதே 1963-இல், எந்த ஒளிப் புலத்தையும் 'கோஹெரண்ட்' நிலைகளைக் கொண்டு எழுதலாம் என்று அவர் காட்டினார். இன்று அந்த முறைக்கு கிளாபர்-சுதர்சன் என்று பெயர். 2005 நோபல் அந்தப் பெயரில் உள்ள அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை. மற்றவர் ஜி.எஸ். அகர்வால். 1980-களில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அணுவும் பெட்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்போது, எந்த அதிர்வெண்ணில் ஒளி விழுங்கப்படுகிறது என்று காட்டும் வரைபடத்தில் ஒரு முகடு இரண்டாகப் பிளந்து தெரியும் என்று 1984-இல் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லைக்கு அருகே, சீசியம் அணுக்களை வைத்து, அமெரிக்காவில் ஜெஃப் கிம்பிளின் குழு 1992-இல் அதைக் கண்டது.

கோஹெரண்ட் நிலையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லேசர் தரும் ஒளி ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கும். அதில் ஃபோட்டான் எண்ணிக்கை ஒரே எண்ணாக இருக்காது. சராசரி 25 என்றால் 20, 23, 28, 31 எல்லாமே கலந்திருக்கும், பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவு விதியின்படி. பெட்டிக்குள் இப்படிப்பட்ட ஒளி இருக்கும்போது அணு என்ன செய்யும்? ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தனித்தனி வர்க்கமூலம், தனித்தனி தாளம். தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாக ஆடும். 20 மைக்ரோ வினாடி என்ற நம் கணக்கையே வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 4 மைக்ரோ வினாடி ஆகும். மூன்று நான்கு சுற்றுக்குள் தாளங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, அணு பாதி மேல் பாதி கீழ் என்று அடங்கிவிடும். கம்மிங்ஸ் 1965-இல் இந்த அடக்கத்தைக் கணக்கிட்டார். ஏதோ ஆற்றல் கசிந்து முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் எதுவும் கசியவில்லை.

நீண்ட அமைதிக்குப் பிறகு, ஏறக்குறைய 200 மைக்ரோ வினாடியில், ஆட்டம் தானாகவே மறுபடி எழும்புகிறது! 1980-இல் ஜோசப் எபர்லியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கில் இதைக் கண்டார்கள். காரணம் மறுபடி அந்த முழு எண்தான். தாளங்கள் தொடர்ச்சியாக நெருக்கிக் கிடந்தால் ஒருமுறை கலைந்தது கலைந்ததுதான். ஆனால் இங்கே 24-க்கும் 25-க்கும் நடுவே எதுவும் இல்லை. அடுத்தடுத்த தாளங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரு முழுச் சுற்று ஆகும் நேரத்தில், எல்லாம் மீண்டும் ஒன்று சேர்கின்றன. முழுதாகச் சேர்வதில்லை, ஏனென்றால் வர்க்கமூலங்கள் சம இடைவெளியில் இல்லை. அதனால் எழுச்சி சற்றுக் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். 1987-இல் ஜெர்மனியில் ஹெர்பர்ட் வால்தரின் குழு இந்த அடக்கமும் எழுச்சியும் உண்மை என்று ஆய்வகத்தில் காட்டியது. அவர்கள் பயன்படுத்தியதும் ரூபிடியமும் மைக்ரோவேவ் பெட்டியும்தான்.

இன்று இந்த மாதிரியின் பெரிய புழக்கம் குவாண்டம் கணினியில். 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அணுவுக்குப் பதிலாக மீக்கடத்திச் சுற்று ஒன்றையும், கண்ணாடிகளுக்குப் பதிலாகச் சிப்பின்மேல் வரைந்த ஒரு மைக்ரோவேவ் பாதையையும் வைத்து, அகர்வால் எழுதிய அதே முகட்டுப் பிளவைக் காட்டினார்கள். அத்தகைய சிப்பில் கியூபிட்டின் நிலையை வாசிக்க, கியூபிட்டின் அதிர்வெண்ணையும் பெட்டியின் அதிர்வெண்ணையும் வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள். அப்போது ஃபோட்டான் கைமாறாது. ஆனால் கியூபிட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பெட்டியின் அதிர்வெண் துளி மாறும். பெட்டியைக் கேட்டாலே கியூபிட்டின் நிலை தெரிந்துவிடும்.

பிணைப்பு மிக வலுவாகிவிட்டால் நாம் நீக்கிய விநோத உறுப்புகள் திரும்ப வந்து நிற்கும். கூட்டுத்தொகை மாறாது என்ற வசதியும் போய்விடும். அந்த முழு மாதிரிக்கு குவாண்டம் ராபி மாதிரி என்று பெயர். எளிதாகத் தோன்றினாலும் அதன் துல்லியமான தீர்வை டேனியல் பிராக் 2011-இல்தான் வெளியிட்டார். மீக்கடத்திச் சுற்றுகளில் அந்த வலுவான எல்லையை 2010-லேயே ஆய்வகத்தில் தொட்டுவிட்டார்கள்.

அடக்கத்தையும் எழுச்சியையும் நீங்களே பார்க்க ஆய்வகம் தேவையில்லை, எக்செல் போதும். ஒரு பத்தியில் 0 முதல் 60 வரை ஃபோட்டான் எண்ணிக்கை. பக்கத்துப் பத்தியில் சராசரி 25-க்கான பாய்சான் நிகழ்தகவு. அதற்கான சூத்திரம் எக்செல்லிலேயே இருக்கிறது. நேரத்தை மைக்ரோ வினாடியில் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதை 2π, 0.05, நேரம் மூன்றாலும் பெருக்கி, வருவதற்குக் கொசைன் போடுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் நிகழ்தகவால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டியதில் பாதியோடு அரையைச் சேர்த்தால், அந்த நேரத்தில் அணு மேலே இருக்கும் நிகழ்தகவு வந்துவிடும். நேரத்தை அரை அரை மைக்ரோ வினாடியாக 0 முதல் 300 வரை கொண்டுபோங்கள். அதைவிட அகலமாக இடைவெளி விட்டால் 4 மைக்ரோ வினாடி ஆட்டம் வரைபடத்தில் சரியாகத் தெரியாது. சராசரியை 25-இலிருந்து 16 ஆக்கினால் எழுச்சி 160-க்கு அருகே முன்னால் வரும், 36 ஆக்கினால் 240-க்குத் தள்ளிப் போகும். 36 வைக்கும்போது எண்ணிக்கைப் பத்தியை 80 வரை நீட்டிக்கொள்ளுங்கள்.